ஒற்றைக்கால் பூட்ஸ்

டெல்லியில் இருபது வருடங்களுக்கு மேலாக நர்ஸாக இருக்கிறேன். இத்தனை காலத்தில் எங்கள் ஆஸ்பத்திரியின் சிறந்த செவிலியர் விருதை எத்தனையோ பேர் என் கண் முன்னாலேயே வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். எல்லோருக்கும் கை தட்டியிருக்கிறேன். சிலருக்கு மனதாரத் தட்டினேன். சிலருக்கு, பக்கத்து நாற்காலிக்காரியிடம் முணுமுணுத்துக்கொண்டே தட்டினேன். அந்த விருதுக்கு யாராவது நம் பெயரை எழுதி மேலே அனுப்ப வேண்டும். மேலே இருப்பவருக்கு நம்மைப் பிடித்திருக்கவும் வேண்டும். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அதனால் என் பெயர் மேலே போகிற வழியில் ஏதாவது படிக்கட்டில் உட்கார்ந்துவிடும்.

அதனால்தானோ என்னவோ, கால்பந்தில் இருக்கிற ஒரு விருதைப் பற்றிக் கேள்விப்பட்ட அன்றைக்கே அது எனக்குப் பிடித்துப்போனது. ஜனவரி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. துவாரகாவில் எங்கள் ஃபிளாட் பால்கனியில் வெயில் வந்தால் உட்காரலாம் என்று காத்திருந்தோம். வெயில் வருவதாயில்லை. என் கணவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு விமான நிலையத்தில் சரக்குப் பிரிவில் வேலை. நாங்கள் இருவரும் குமரி மாவட்டக் கடற்கரை. அங்கே பிறந்த ஆண்களுக்கு ஜாதகம் இருக்கிறதோ இல்லையோ, பிடித்த கால்பந்து கிளப் ஒன்று கட்டாயம் இருக்கும்.

"உலகத்துலேயே போன வருசம் லீக்குல கூடுதல் கோல் அடிச்சவன் யாருன்னு சொல்லியாச்சு" என்றார்.

"யாரு ஓட்டுப் போட்டா?"

"ஓட்டா? எல்லா நாட்டு மேல்மட்ட லீக்கையும் எடுத்து, கோல எண்ணுவானுவ. யாருக்குக் கூடுதலோ அவனுக்கு விருது. அம்புட்டுத்தான்."

"கப் மேட்ச்சு, சும்மா ஆடுற மேட்ச்சு?"

"அதெல்லாம் சேராது. லீக் கோல் மட்டும்."

"அழகா ஆடுனா மார்க்கு?"

"கெடையாது."

"மேல உள்ளவங்களுக்கு ஆளப் பிடிக்காட்டி?"

அவர் போனிலிருந்து தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். "ஒனக்கு இப்ப என்ன வேணும் பிள்ள?" என்றார்.

எனக்கு அந்த விருதுதான் வேண்டும். அதாவது, அந்த மாதிரி ஒன்று. யாரும் சிபாரிசு செய்ய வேண்டாத, யாரும் தடுத்து நிறுத்தவும் முடியாத ஒன்று. அன்றைக்கு அவர் காட்டிய பட்டியலில் எல்லோருக்கும் தெரிந்த பெரிய ஆட்டக்காரர்களுக்கு நடுவில், நாங்கள் மேப்பைத் திறந்து தேட வேண்டியிருந்த ஒரு நாட்டு லீக்கில் ஆடுகிறவரும் இருந்தார். அந்த நாட்டில் அவர் எந்த மைதானத்தில், எத்தனை பேர் முன்னால் ஆடினாரோ தெரியாது. கோல் அடித்தார், எண்ணிவிட்டார்கள். நான் அந்த ஆளை நினைத்து ரொம்ப நேரம் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன்.

அந்த வருடக் குளிர்காலத்தில்தான் எங்கள் பெண்கள் லீக் தொடங்கியது. அதற்கு முன்பு தமிழ்க் குடும்பத்து ஆண்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் துவாரகாவின் ஒரு மைதானத்தில் ஆடுவார்கள். நாங்கள் ஓரத்தில் ஜமுக்காளம் விரித்து ஆரஞ்சு உரித்துக்கொண்டும் வேர்க்கடலை உடைத்துக்கொண்டும் உட்கார்ந்திருப்போம். மாலையில் நாங்கள் சர்ச்சில் தமிழ்ப் பூசைக்குப் போவோம். கோயிலுக்குப் போகிறவர்கள் கோயிலுக்குப் போவார்கள். ஒரு நாள் எங்கள் பக்கம் உருண்டு வந்த பந்தை எடுத்துத் தரச் சொன்னார்கள். நான் எழுந்துபோய் உதைத்தேன். பந்து என் கணவரின் தலைக்கு மேலே போனது. அவ்வளவுதான். அடுத்த ஞாயிறு ஜமுக்காளத்தில் ஆள் இல்லை.

நான்கு டீம். பல ஆஸ்பத்திரிகளில் வேலை பார்க்கும் நர்ஸுகளாகிய நாங்கள் ஒன்று. தமிழ்ப் பள்ளி ஆசிரியைகள் ஒன்று. துவாரகா சொசைட்டி ஃபிளாட்டுப் பெண்கள் ஒன்று. ஜங்புராவில் நாலா என்கிற சாக்கடைக் கால்வாய் ஓரத்தில் தமிழர்கள் குடிசை போட்டிருந்த மதராசி கேம்ப் பெண்கள் ஒன்று. பக்கத்துக்கு ஏழு பேர். விமானப்படையிலிருந்து ஓய்வு பெற்ற திருநெல்வேலிக்காரர் ஒருவர் நடுவர். அவர் பெற்ற மகளே தப்பாட்டம் ஆடினாலும் விசில் ஊதுவார், அப்படிப்பட்டவர்.

அதிக கோல் அடிப்பவருக்கு ஒரு விருது வைக்க வேண்டும் என்று சொன்னவள் நான்தான். உலக விருதுக்கு உள்ள அதே விதிகள். லீக் கோல் மட்டும், நடுவர் கண்ணால் பார்த்த கோல் மட்டும். விருதுப் பொருளுக்கு என் கணவர் தன் கல்லூரி நாள் பூட்ஸில் ஒன்றை எடுத்துத் தங்க நிற ஸ்ப்ரே அடித்து, மரக்கட்டையில் ஆணியடித்துக் கொண்டுவந்தார். இன்னொரு கால் பூட்ஸ் இன்றைக்கும் எங்கள் வீட்டுச் செருப்பு ஸ்டாண்டில் கிடக்கிறது.

முதல் வருடம் அதை ஒரு கணக்கு டீச்சர் தட்டிக்கொண்டு போனாள். மெலிந்த பெண். கோயம்புத்தூர்ப் பக்கம். "அக்கா, தப்பா நெனைச்சுக்காதீங்க" என்று சொல்லிக்கொண்டே நம் காலுக்கு நடுவில் பந்தைத் தள்ளிவிட்டுப் போவாள். தப்பாக நினைக்காமல் வேறு எப்படி நினைப்பது? எங்கள் வீட்டு பூட்ஸ் எங்கள் கண் முன்னாலேயே அவள் வீட்டு ஷோகேஸுக்குப் போனது.

எனக்கு ஏன் கோல் விழவில்லை என்றால், நான் ஆடியது நர்ஸ் டீமில். எங்கள் டீமைப் போல ஒரு டீமை உலகத்தில் எங்கேயும் பார்த்திருக்க முடியாது. ஆள் மாற்றும்போது வெளியே போகிறவள் உள்ளே வருகிறவளுக்கு ஹேண்ட்ஓவர் கொடுக்காமல் போக மாட்டாள். வார்டில் டியூட்டி மாறும்போது பெட் பெட்டாகச் சொல்வோமே, அதேபோல. "இந்தப் பச்ச ஜெர்சி எடது கால் ஆளு. அந்தக் குட்டையா இருக்கவ பத்து நிமிசத்துக்கு ஒருக்கா தண்ணி குடிக்கா, அப்ப விட்டுப் பிடி. கோல்கீப்பர் ஸ்டேபிள்." இதைச் சொல்லி முடிப்பதற்குள் எதிர் டீம் ஒரு கோல் போட்டுவிடும்.

அதைவிடப் பெரிய வியாதி ஒன்று இருந்தது. மைதானத்தில் யார் விழுந்தாலும் எங்கள் ஆட்கள் பந்தை விட்டுவிட்டு அங்கே ஓடிவிடுவார்கள். நம் டீமா எதிர் டீமா என்றெல்லாம் பார்ப்பதில்லை. ஒருத்தி தலையைப் பிடிப்பாள், ஒருத்தி காலைத் தூக்குவாள், ஒருத்தி வாட்சைப் பார்த்து நாடி பிடிப்பாள். நடுவர் விசில் ஊதாத வரையில் ஆட்டம் நடந்துகொண்டுதானே இருக்கும்? ஒருமுறை சொசைட்டி டீம் பெண் ஒருத்தி சும்மா கால் தடுக்கி உட்கார்ந்தாள். நாங்கள் ஆறு பேர் அவளைச் சுற்றி மண்டியிட்டிருந்தபோது அவள் தோழி நிதானமாக நடந்துபோய்க் கோல் போட்டாள். அதற்கப்புறம் மற்ற டீம்களுக்குக் குஷி. ஆபத்து வரும்போதெல்லாம் யாராவது ஒருத்தி "ஐயோ" என்று உட்கார்ந்துவிடுவாள். தெரிந்தே ஏமாந்தோம். கத்திப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன். "அக்கா, கால் தன்னால ஓடுது, நாங்க என்ன செய்ய?" என்றார்கள். நானும் ஓடிக்கொண்டுதான் இருந்தேன்.

இரண்டாவது சீசனுக்கு முன்னால் வந்த கோடையில் கேம்ப் இடிக்கப்பட்டது. சிலருக்கு நரேலாவில் வீடு கிடைத்தது. மற்றவர்கள் ஆளுக்கொரு பக்கமாக வாடகைக்குப் போனார்கள். இனி மூன்று டீம்தான் என்று நினைத்து அட்டவணை போடத் தொடங்கியிருந்தோம். முதல் ஞாயிறு பார்த்தால் கேம்ப் பெண்கள் எல்லோரும் வந்து நிற்கிறார்கள். டெல்லியின் வடகோடியிலிருந்து தென்மேற்குக் கோடிக்கு பஸ், மெட்ரோ, அப்புறம் ஆட்டோ. டீமுக்கு இப்போது என்ன பெயர் போடுவது என்று நடுவர் தயங்கிக்கொண்டே கேட்டார்.

"கேம்ப்புன்னு போடு சார். வேற என்னா போடுவ?" என்றாள் அவர்கள் கோல்கீப்பர்.

அவளைப் பற்றிச் சொல்ல வேண்டும். விழுப்புரம் பக்கத்துப் பெண், பிறந்ததென்னவோ டெல்லியில். ஜங்புராவில் நான்கு வீடுகளில் வேலை. குரல் என்றால் குரல், மைதானத்தின் இந்த முனையில் அவள் திட்டினால் அந்த முனையில் எங்கள் கோல்கீப்பர் திடுக்கிடுவாள். தமிழில் பாதி, இந்தியில் பாதி என்று திட்டுவாள். பெரும்பாலும் தன் டீம் ஆட்களைத்தான். கையுறை வாங்கிக் கொடுத்தோம், போட மாட்டேன் என்றாள். மற்ற இரண்டு டீம்களுக்கும் கோல் அடித்த என்னால் அவளிடம் மட்டும் ஒரு கோல்கூடப் போட முடியவில்லை. நான் அடிக்கப்போகிற மூலை எனக்குத் தெரிவதற்கு முன்பே அவளுக்குத் தெரிந்திருக்கும்.

அந்தச் சீசனில் எனக்கு என்னவோ ஆகிவிட்டது. கோல் விழ ஆரம்பித்தது. டியூட்டி முடிந்து வந்து படிக்கட்டில் ஏறி இறங்கினேன். கீழே பார்க்கிங்கில் சுவரில் பந்தடித்துப் பழகினேன், காவலாளி பையா வந்து சத்தம் போடும்வரை. காற்று கெட்டுப்போய் ஆட்டம் ரத்தான ஞாயிறுகளில் வீட்டுக்குள் சிடுசிடுவென்று அலைந்தேன். கல்லூரியில் படிக்கும் என் மகளுக்கு இது புரியவே இல்லை.

"அரே அம்மா, அது அப்பாவோட பழைய ஜூதாதானே? ஒண்ணு வீட்லயே இருக்கு. வேணும்னா அதுக்கும் ஸ்ப்ரே அடிச்சுத் தரேன்" என்றாள்.

"அது யாரும் அடிச்சுத் தரக் கூடாதுடி. அதுதான் விசயம்" என்றேன். அவள் அப்பாவைப் பார்த்தாள். அவர், இந்த விவகாரத்தில் எனக்குச் சம்பந்தமில்லை என்பதுபோல் வேர்க்கடலைத் தோலை ஊதிக்கொண்டிருந்தார்.

பிப்ரவரியில் கடைசி ஞாயிறு வந்தது. முதலில் ஆசிரியைகளும் சொசைட்டியும் ஆடினார்கள். கணக்கு டீச்சர் ஒரு கோல் போட்டு என்னைத் தொட்டுவிட்டாள். எனக்கும் ஒன்பது, அவளுக்கும் ஒன்பது. சமமாக முடிந்தால் பூட்ஸ் போன வருடம் வென்றவரிடமே இருக்கும் என்பது நடுவர் போட்ட விதி. ஆக, அடுத்த ஆட்டத்தில் நான் ஒரு கோல் அடித்தாக வேண்டும். எதிரே கேம்ப் டீம். போஸ்ட்டுக்கு நடுவில் அவள்.

அவர்களுக்கும் எங்களுக்கும் லீக்கை ஜெயிக்கும் வாய்ப்பு ஏற்கெனவே போய்விட்டது. அதனால் யாரும் சும்மா ஆடினார்கள் என்று நினைக்க வேண்டாம். முதல் பாதியில் இரண்டு தடவை நல்ல வாய்ப்பு வந்தது. ஒன்றைக் கையால் தட்டினாள், ஒன்றை நெஞ்சில் வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இரண்டாம் பாதியும் ஓடியது. ஓரத்தில் கணக்கு டீச்சர் உள்ளங்கையில் முகத்தைத் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என் மகள் போனில் படமெடுத்துக்கொண்டிருந்தாள். நடுவர் வாட்சைப் பார்க்கத் தொடங்கியிருந்தார்.

எங்கள் பக்கத்திலிருந்து நீளமாக ஒரு பந்து வந்தது. நான் ஓடினேன். அவளும் போஸ்ட்டை விட்டு வெளியே பாய்ந்து வந்தாள். காலையில் தோட்டக்கார மாலி தண்ணீர் விட்டிருந்த இடம் காயாமல் இருந்திருக்கிறது. அவள் கால் வழுக்கி, உடம்பு ஒரு பக்கமும் கணுக்கால் ஒரு பக்கமுமாக விழுந்தாள். பந்து அவள் முழங்கையில் பட்டு என் காலடிக்கு வந்து நின்றது. முன்னால் கோல் காலியாகக் கிடந்தது.

என் பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. எங்கள் பெண்கள் கிளம்பிவிட்டார்கள். என் காலும் கிளம்பத்தான் பார்த்தது. அந்த நேரம் அவள் வாயைத் திறந்தாள். மாலியையும், மாலியின் குடும்பத்தையும், தண்ணீர்க் குழாயையும் சேர்த்து இரண்டு மொழிகளில் திட்ட ஆரம்பித்தாள்.

நான் அவசரப் பிரிவில் வருடக்கணக்காக வேலை பார்த்தவள். ஒரே நேரத்தில் பத்துப் பேர் வந்து விழும்போது முதலில் யாரிடம் போவது என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். சத்தமில்லாமல் கிடப்பவரிடம் முதலில் போ. சத்தம் போடுகிறவருக்கு மூச்சு இருக்கிறது, நினைவும் இருக்கிறது, அவர் கொஞ்சம் பொறுக்கலாம். இவள் போட்ட சத்தத்துக்கு மதியச் சாப்பாடு வரைக்கும் பொறுக்கலாம். காலின் உட்புறத்தால் பந்தைத் தட்டினேன். இரண்டு கம்பத்துக்கும் சரியாக நடுவில் உருண்டு போனது. எங்கள் கோலுக்கு வலை கிடையாது. பந்து கோட்டைத் தாண்டி, பின்னால் இருந்த கீகர் முள்புதருக்குள் போய் நின்றது.

கையைத் தூக்கிக்கொண்டு திரும்பினேன். எங்கு பார்த்தாலும் முதுகுகள்தான் தெரிந்தன. என் டீம் மொத்தமும் அவளைச் சுற்றி மண்டியிட்டிருந்தது. அவர்கள் டீமும் அங்கேதான் குனிந்து நின்றது. நடுவர் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி ஓரத்தைப் பார்த்துக் கை காட்டிக்கொண்டிருந்தார். என் கணவர் ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்துகொண்டிருந்தார்.

"கோல்!" என்றேன். யாரும் திரும்பவில்லை. "சார், கோல்!"

நடுவர் திரும்பினார். "பந்து எங்க?"

"உள்ள போயிட்டு சார். அந்தா செடிக்குள்ள கெடக்கு."

அவர் புதரைப் பார்த்தார், கம்பங்களைப் பார்த்தார். "வெளிய போயிருந்தாலும் அங்கதானே சிஸ்டர் கெடக்கும்? நான் பாக்கலையே."

எங்கள் பெண்களிடம் கேட்டார். "நாங்க காலப் பாத்துட்டிருந்தோம் சார்" என்றார்கள். ஒருத்தி என்னைக் காப்பாற்றுவதாக நினைத்து, "அக்கா பொய் சொல்ல மாட்டாங்க சார்" என்றாள். மகளின் போனை வாங்கிப் பார்த்தோம். முதுகு, முதுகு, நடுவில் ஒரு சிவப்பு ஹேர்பேண்ட், தூரத்தில் டப் என்று பந்து உதைபடுகிற சத்தம். "சாரி அம்மா, நானும் அங்க திரும்பிட்டேன்" என்றாள். அவள் முகம் சுண்டிப்போயிருந்தது.

எனக்கு அழுகை வந்துவிட்டது. யார் தயவும் வேண்டாத விருது என்றுதானே இதற்கு ஆசைப்பட்டேன்? இங்கேயும் எனக்காக யாரோ ஒருவர் வாயைத் திறந்து சொல்ல வேண்டியிருக்கிறதே என்று ஆத்திரமாக இருந்தது. நடுவர் மேல் கோபப்பட வழியில்லை. நடுவர் கண்ணால் பார்த்த கோல் மட்டும் என்ற விதியைப் போட்டதே நான்தான். வேறென்ன செய்வது என்று தெரியாமல், கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் அவள் காலடியில் உட்கார்ந்து கணுக்காலை அழுத்திப் பார்த்தேன். எலும்பு நன்றாக இருந்தது. வீக்கம் மட்டும். பேண்டேஜை வாங்கிச் சுற்ற ஆரம்பித்தேன்.

அவள் மாலியைத் திட்டி முடித்திருந்தாள். இப்போது தலையைத் தூக்கித் தன் டீமைப் பார்த்தாள்.

"ஏண்டி, நான் வுழுந்தா என் மேல வந்து குமிஞ்சுக்கினு நிப்பீங்களா? ஒருத்தியாவது பந்தப் பாத்தீங்களா? இந்த நர்ஸக்கா ஒண்டியா நின்னு, கோல் போட்டுக்கலாமா வேணாமான்னு யோசன பண்ணி, நடுப் போஸ்ட்டுல தட்டி வுடுது! என் தலமாட்டுலதான் பந்து உருண்டு போவுது. நான் படுத்துக்கினு பாக்குறேன், குறுக்க ஒரு நாதி இல்ல! பாகல்களா, பைத்தியங்களா, எதுக்குடி ஆட வர்றீங்க?"

நடுவர் குனிந்தார். "அப்ப அது கோலாம்மா?"

அவர்கள் டீம் பெண் ஒருத்தி அவள் தோளைக் கிள்ளியதை நான் பார்த்தேன். அப்போதுதான் விஷயம் அவளுக்குப் புரிந்தது. வேறு யாரும் அதைப் பார்க்கவில்லை, அவள் வாயை மூடிக்கொண்டால் என்னிடம் ஒரு கோல்கூட வாங்காதவளாகவே இருப்பாள். கிள்ளியவளைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நான் தலையைத் தூக்கவில்லை. கேட்டுவிடக் கூடாது, கெஞ்சிவிடக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு பேண்டேஜைச் சுற்றினேன்.

"கோலு இல்லாம பின்ன என்னா?" என்றாள். "நான் கோல்ல நிக்கிறவ சார். எது உள்ள போச்சு, எது வெளிய போச்சுன்னு எனக்குத் தெரியாதா?"

நடுவர் நிமிர்ந்து விசில் ஊதி, நடுக்கோட்டைக் கை காட்டினார். எங்கள் பெண்கள் கத்திக்கொண்டு எழுந்தார்கள். ஓரத்தில் கணக்கு டீச்சர் தலையில் கை வைத்துக்கொண்டு, பிறகு அந்தக் கையாலேயே தட்டவும் செய்தாள். என் மகள் "மேரி மா! எங்கம்மா!" என்று யாரிடமோ கூவிக்கொண்டிருந்தாள். நான் எழுந்திருக்கவில்லை. என் கண்ணீர் சொட்டுச் சொட்டாக பேண்டேஜில் விழுந்தது. யாரோ ஒருவர் சொல்லி எனக்குக் கிடைத்தது, ஆனாலும் அதில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

"அளுவாதக்கா. ஈரமாவுது பாரு" என்றாள் அவள். "இறுக்கிக் கட்டு. இன்னும் டைம் இருக்குது, நான் போய் நிக்கணும்."

இறுக்கிக் கட்டினேன். என் தோளைப் பிடித்து எழுந்து, நொண்டிக்கொண்டே போய்ப் போஸ்ட்டுக்கு நடுவில் நின்றாள். இரண்டு கையையும் தட்டித் தன் ஆட்களை மறுபடியும் திட்ட ஆரம்பித்தாள். ஆட்டம் தொடங்கியது. கொஞ்ச நேரத்தில் எனக்கு இன்னொரு பந்து கிடைத்தது. அவள் அடிபட்டவள் என்று நான் மெதுவாக அடிக்கவில்லை. இருந்த பலத்தையெல்லாம் கூட்டி வலது மூலையைப் பார்த்து அடித்தேன். அவள் பாய்ந்து பிடித்துவிட்டாள்.